கடலால் அரிக்கப்பட்ட கரை

போன மாரி தொடங்குவதற்குச் சற்று முன், நிந்தவூர்க் கடற்கரையில் வேர் வெளியே தெரிய நின்ற ஒரு தென்னையின் அடியில் உட்கார்ந்திருந்தோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, நாட்டுத் திட்டமிடல் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் கொப்பியைத் திறந்து ஒரு ஜேர்மன் சொற்றொடரைக் காட்டினான். 'டீ ஃபொம் மேர் அப்கெட்ராகனெ க்யூஸ்டெ.' வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"காக்கா, இத முதல்ல இங்கிலீசுக்கு மாத்தி, பின்னுக்கிருந்து முன்னுக்கு வாசிச்சு விளங்கணும் எண்டு வகுப்புல சொல்லித் தந்தாங்க. நம்மட தமிழ்ல நேரா வருதே."

நேராகத்தான் வந்தது. 'ஃபொம் மேர்' என்றால் கடலால். 'அப்கெட்ராகனெ' என்றால் அரிக்கப்பட்ட. 'க்யூஸ்டெ' என்றால் கரை. முன்னால் நிற்கும் 'டீ' என்ற சின்னஞ்சிறு சொல்லை எடுத்துவிட்டால் மீதிச் சொற்களில் ஒன்றுகூட இடம் மாறவில்லை. கடலால் அரிக்கப்பட்ட கரை. நாங்கள் உட்கார்ந்திருந்ததும் அதன்மேல்தான்.

நிலத்தோற்ற வடிவமைப்பும் திட்டமிடலும் படிக்கிறவர்கள் ஜேர்மன் மொழியை எவ்வளவு கற்க வேண்டும், எந்த வழியாகக் கற்க வேண்டும், எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்ற கேள்வி நம்மவரிடையே பெரிதாகப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போது இரண்டு பதில்கள் வழக்கமாக வரும். 'ஆங்கிலத்திலேயே முதுமாணிப் படிப்பு இருக்கிறது, ஜேர்மன் எதற்கு' என்பது ஒன்று. 'முதலில் பொது ஜேர்மனைக் கீழ்ப்படியிலிருந்து முடி, துறைமொழி பிறகு தானாக வரும்' என்பது மற்றது. இரண்டையும் எடுத்துப் பார்த்த பிறகு எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது வழி. துறைமொழியை ஆரம்பத்திலேயே தொட வேண்டும்; ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்தே தொட வேண்டும்; நம் காலடியில் கிடக்கும் வயலையும் களப்பையும் கரையையும் பாடமாக வைத்துத் தொட வேண்டும்.

முதல் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'ஸ்பிரிங்' எனப்படும் பிராந்தியத் திட்டமிடல் முதுமாணிப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. வளர்முக நாடுகளின் திட்டமிடலாளருக்காகவே அமைந்த அதில் ஒரு வருடம் ஜேர்மனியிலும் மறு வருடம் கானா, தன்சானியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பங்காளிப் பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் அதற்குப் புலமைப்பரிசில் தருகிறது. அன்ஹால்ட் உயர்கல்லூரியின் நிலத்தோற்ற முதுமாணிப் படிப்பும், ந்யூர்ட்டிங்கன், வைஹன்ஸ்டெஃபான் உயர்கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் சர்வதேச முதுமாணிப் படிப்பும் ஆங்கிலத்தில்தான். இவற்றில் சேர ஜேர்மன் பெரிதாகத் தேவைப்படாது. படித்து முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வருபவருக்கு அது போதுமாகவும் இருக்கலாம்.

ஆனால் பட்டம் ஒரு மொழியில் இருக்க, தொழில் வேறொரு மொழியில் இருக்கிறது. ஜேர்மனியில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கையாளும் சட்டம், வரைபடக் குறிவிளக்கம், விலைமனு, மாநகர சபைக் கடிதம், ஊர்மக்கள் கூட்டம் எல்லாமே ஜேர்மனில் நடக்கின்றன. 'லாண்ட்ஷாஃப்ட்ஸ்ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை நினைத்தவர் நினைத்தபடி போட்டுக்கொள்ள முடியாது. அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொழிற்பெயர். பட்டம் பெற்று, குறைந்தது இரண்டு வருடமாவது தொழில் செய்து, மாநிலக் கட்டடக்கலைஞர் சபையில் பதிந்த பிறகே அதைப் பயன்படுத்தலாம். அந்த இரண்டு வருடத்தில் ஒருவர் எழுதுவதும் பேசுவதும் ஆங்கிலத்தில் இருக்கப்போவதில்லை.

இதைத் தமிழர் ஏற்கெனவே பட்டறிந்திருக்கிறார்கள். ஜேர்மனியின் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் 2002 இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன் குடியிருப்புப் பகுதியில் சிறு இடத்தில் வழிபாடு நடந்தது; திருவிழாக் கூட்டமும் வாகனங்களும் பெருகியபோது அயலவருக்கு இடைஞ்சலானது; கடைசியில் உவெண்ட்ரோப் என்ற இடத்தின் கைத்தொழிற் பகுதியில் நிலம் கிடைத்தது. கோயில் ஏன் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்கிறவர்கள் வியப்பார்கள். பதில் ஜேர்மன் கட்டட நிலப்பயன்பாட்டு விதிகளில் இருக்கிறது. தொழில் வலயங்களில் வழிபாட்டுக்குரிய கட்டடங்களை விதிவிலக்காக அனுமதிக்க அவற்றில் இடமுண்டு. பள்ளிவாசல் கட்டப் புறப்படும் ஜமாஅத்தும் அதே விதிகளைத்தான் வாசிக்க வேண்டும். அங்கே கோயிலோ பள்ளியோ வீட்டு முற்றமோ, எதைக் கட்டினாலும் 'பெபவுங்ஸ்பிளான்' என்ற சொல்லைத் தாண்டாமல் முடியாது. ஒரு தெருவில், ஒரு வளவில் எதை எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்று கட்டுப்படுத்தும் உள்ளூர்த் திட்டம் அது.

இரண்டாவது பதில், பொது ஜேர்மன் முதலில் என்பது. இதைச் சொல்கிறவர்கள் அனுபவத்தோடுதான் சொல்கிறார்கள். ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். பி2 படிக்கு வர 600 முதல் 800 பாடவேளை வேண்டும் என்பது கோத்தே நிறுவனத்தின் கணக்கு. ஜேர்மன் வழியில் பல்கலைக்கழகம் புகப் பெரும்பாலும் அதற்கும் மேலே, டெஸ்ட்டாஃப் பரீட்சையில் நான்காம் நிலை அல்லது டிஎஸ்எச் பரீட்சையில் இரண்டாம் நிலை வேண்டும். நிந்தவூர்ப் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்? உயர்தரம்வரை தமிழில் படித்திருக்கும். பல்கலைக்கழகத்தில் திடீரென எல்லாம் ஆங்கிலம். அந்த ஆங்கிலம் காலூன்றுவதற்குள் மேலே இன்னொரு மொழி. கோத்தே நிறுவனம் கொழும்பில். இங்கிருந்து இரவு பஸ் ஏறினால் விடியத்தான் போய்ச் சேரலாம். இணையவழி வகுப்புகள் வந்தபின் தூரம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த வகுப்புகளில் முதல் 200 பாடவேளைக்கு வருவது கடையில் பாண் வாங்குவது, ரயில் நேரம் கேட்பது, வீட்டாரை அறிமுகம் செய்வது. இவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு நாட்டுக்குப் போகிறவர் அங்குள்ளவரோடு பேசத் தெரிந்தே போக வேண்டும். ஆனால் திட்டமிடல் படிக்கும் ஒருவர், தன் துறையின் ஒரு சொல்லையும் காணாமல் ஒரு வருடத்துக்கு மேல் கற்கும்போது பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஊக்கம் இல்லாததால் அல்ல. தான் கற்பதற்கும் தான் ஆக நினைப்பதற்கும் நடுவில் பாலம் தெரியாததால்.

துறைமொழி எப்படி இருக்கும் என்று ஒருதரம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஜேர்மன் நாற்றுமேடைகளின் விலைப்பட்டியலிலும் நடுகைத் திட்டங்களிலும் மரத்தின் தாவரவியற் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வரி வரும்: எச், 3 எக்ஸ் வி, எம்டிபி, எஸ்டியு 18–20. எந்தப் பொது அகராதியிலும் இதற்குப் பொருள் தேட முடியாது. எச் என்றால் 'ஹோஹ்ஷ்டம்', கிளையில்லாமல் உயர்ந்த அடிமரம். 3 எக்ஸ் வி என்றால் நாற்றுமேடையில் மூன்று தடவை பிடுங்கி நடப்பட்டது. அப்படி நட்டால்தான் வேர் நெருங்கிப் பிடித்து வளரும். எம்டிபி என்றால் வேர்மண் உருண்டை கம்பி வலையால் கட்டப்பட்டது. எஸ்டியு 18–20 என்றால் நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 18 முதல் 20 சென்ரிமீற்றர். ஒரே வரியில் ஒரு மரத்தின் பிறப்பு வரலாறு இருக்கிறது. இதை வாசிக்கத் தெரியாதவர் ஒரு பூங்காவுக்கு மரம் வாங்க முடியாது. ஆனால் இதைக் கற்பதற்கு பி2 வரை காத்திருக்க என்ன தேவை? ஏ1 மாணவர் ஒரு பிற்பகலில் கற்கலாம். தாவரவியற் பெயர் உலகம் முழுதும் ஒன்றே என்பதால் பாதி வேலை முடிந்தும் விட்டது. எங்கள் வேலியோரப் பூவரசின் பெயர் தெஸ்பீசியா பொபுல்னியா. அதன் பின்பாதி, இலை ஐரோப்பாவின் பொப்லார் மர இலைபோல இருப்பதால் வந்தது. அந்த மரத்துக்கு ஜேர்மனில் 'பாப்பெல்'. பூவரசை அறிந்த பிள்ளை பாப்பெலை மறக்காது.

வரைபடமும் அப்படித்தான். ஜேர்மனியில் திட்டக் குறியீடுகளுக்கென்றே ஒரு விதிக்கோவை இருக்கிறது. குடியிருப்பு நிலம் சிவப்பு, கலப்புப் பயன்பாடு பழுப்பு, தொழில் நிலம் சாம்பல், பசுமைநிலம் பச்சை. இயற்கையைப் பேணவும் மேம்படுத்தவும் ஒதுக்கிய நிலத்தைச் சுற்றி 'டி' எழுத்து வடிவப் பற்களுள்ள கோடு ஓடும். வளவுக்குள் உரோம எழுத்தில் இரண்டு என்றிருந்தால் இரண்டு மாடி. பக்கத்தில் 0,4 என்றிருந்தால் வளவில் பத்தில் நான்கு பங்கை மட்டுமே கட்டடம் மூடலாம். இந்தக் காற்புள்ளியில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 1.500 சதுர மீற்றரை ஒன்றரைச் சதுர மீற்றர் என்று வாசித்தால் ஒரு விளையாட்டுத் திடல் பாய் விரிக்கும் இடமாகிவிடும்.

இவற்றுக்கு மேலே, வேலை நகரும் ஒழுங்கு. ஹோஆய் எனப்படும் கட்டண விதிக்கோவை ஒரு வெளியிட வடிவமைப்பை அடிப்படைத் தகவல் திரட்டலிலிருந்து, வரைவு, அனுமதி, செயற்படுத்தும் வரைபடம், விலைமனு, தள மேற்பார்வை, பின்பராமரிப்பு என்று ஒன்பது கட்டமாகப் பிரிக்கிறது. அலுவலகத்தில் யாரும் அந்தக் கட்டங்களின் முழுப் பெயரைச் சொல்வதில்லை. 'நாங்கள் ஐந்தில் நிற்கிறோம்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மொழிநடை. முதல் கட்டங்களில் விளக்க உரை. நான்காவதில் சட்டநடை. ஆறாவதில், விலைமனுப் பட்டியலில், எழுவாயே இல்லாத வினைகள் மட்டும்: 'வழங்கிப் பொருத்துதல்', 'குழி தோண்டுதல்'. எட்டாவதில் சேற்றுச் சப்பாத்தோடு நிற்கும் வேலையாட்களின் வட்டாரப் பேச்சு. மொழி வகுப்புக் கட்டுரையில் நூறு புள்ளி எடுத்தவர் அந்தப் பேச்சின் முன் வாயடைத்து நிற்பார். ஆகவே துறைசார் ஜேர்மன் ஒரே மொழியல்ல. நான்கைந்து மொழிநடைகள் ஒரு கூரையின் கீழ் வாழ்கின்றன. பாடத்திட்டம் எழுதுகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி அந்தத் தென்னையடிக்குத் திரும்புகிறேன். இந்தக் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஜேர்மன் துறை எழுத்தின் கடினம் என்று பாடநூல்கள் எல்லாம் சொல்வது நீண்ட அடைமொழித் தொடர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால், அதன் கதை முழுவதையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்லும் அமைப்பு. ஆங்கிலம் வழியாக வருபவருக்கு அது ஒரு சுவர். தமிழருக்கு அது பெயரெச்சம். நாம் வாய் திறந்தால் வருவது. அன்று அந்தப் பிள்ளைக்கு நான் இன்னொரு தொடரை எழுதிக் காட்டினேன். அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் வைத்தால் இப்படி வரும்: துறைமுகக் கட்டுமானத்தால் – மணல் வரத்திலிருந்து – துண்டிக்கப்பட்ட – வருடக்கணக்காக – பின்வாங்கும் – கரை. ஜேர்மன் மூலத்தில் இதற்கு முன்னால் ஒரு 'டீ' நிற்கும், அவ்வளவுதான். இதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் கரையை முதலில் வைத்து மீதியையெல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு அதை ஜேர்மனுக்குத் திருப்பும்போது மறுபடியும் கவிழ்க்க வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டு தடவை தலைகீழாக நின்று கற்கிறார்கள். ஒருதரமும் நிற்கத் தேவையில்லை.

சார்பு வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் அப்படியே. 'ஆறு கரையைத் தாண்டியதால்' என்று நாம் சொல்லும்போது வினை இறுதியில் நிற்கிறது. ஜேர்மனிலும் அங்கேதான் நிற்கிறது, காரணம் காட்டும் சொல் மட்டும் முன்னே வருகிறது. பிரியும் முன்னொட்டுள்ள வினைகளில் ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிவரை வராது. அது வந்தால்தான் பொருள் முழுமையாகும். செய்தானா, செய்யவில்லையா என்பதை வாக்கியம் முடியும்வரை காத்திருந்து கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது அந்நியமல்ல. வேற்றுமை உருபு என்றால் என்ன என்பதை எட்டாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். ஜேர்மனில் இருப்பது நான்கே வேற்றுமை.

கடினம் இல்லை என்று சொல்ல வரவில்லை. டேர், டீ, டாஸ் என்ற மூன்று பால் நம் பிள்ளைகளை உண்மையிலேயே வாட்டுகிறது. நமக்கு உயர்திணை, அஃறிணை. பொருளைப் பார்த்துத் திணை சொல்வோம். அங்கே மேசை ஆண்பால், விளக்கு பெண்பால். ஆனால் துறைமொழிக்குள் வந்தால் இந்தப் பாரமும் குறைகிறது. கூட்டுச் சொல்லின் பால் கடைசிச் சொல்லைப் பொறுத்தது. பிளான் என்று முடிபவை எல்லாம் டேர்: பெபவுங்ஸ்பிளான், லாண்ட்ஷாஃப்ட்ஸ்பிளான். 'உங்' என்ற விகுதி பெற்ற தொழிற்பெயர்கள் எல்லாம் டீ: பிளானுங், அப்வேகுங், பெட்டைலிகுங். கெபீட் என்று முடியும் வலயப் பெயர்கள் எல்லாம் டாஸ்: ஷுட்ஸ்கெபீட், கெவேர்பெகெபீட். இந்த மூன்று வாலையும் பிடித்துக்கொண்டால் திட்டமிடல் சொற்களில் பெரும்பகுதியின் பால் கைக்குள் வந்துவிடும். பொது ஜேர்மனின் முதற் பாடங்களில் வரும் சொற்களுக்கு இவ்வளவு பரந்த குறுக்குவழி எளிதில் கிடைக்காது. துறைமொழி மேல்மாடி, ஏணி ஏறித்தான் போக வேண்டும் என்ற எண்ணம் பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சொற்களுக்கு வருவோம். ஜேர்மனியின் கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் 1976 இல் வந்தது. அதன் இதயமாக ஒரு சொல் இருக்கிறது: 'ஐன்கிரிஃப்'. உள்ளே கையை விடுவது என்று நேர்ப்பொருள். இயற்கையில் கைவைத்தல். நம் ஊரில் 'அந்தக் காணியில கைவைக்காத' என்போமே, அதே கை. வீதி போடுகிறவர், கட்டடம் கட்டுகிறவர் இயற்கையில் கைவைத்தால் கடமைகள் வரிசையாக வரும். தவிர்க்கக்கூடிய சேதத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாததை 'அவுஸ்கிளைஹ்', அதாவது அதே வகையில் சமன்செய்ய வேண்டும். அல்லது 'எர்சாட்ஸ்', அதே மதிப்பில் மாற்று ஈடு. தவிர்த்தலே எப்போதும் முதலில். இதை ஆங்கிலம் வழியாகக் கற்கும்போது பின்னிரண்டும் 'இழப்பீடு' என்ற ஒரே கிடங்கில் விழுந்துவிடுகின்றன. காசு கொடுத்தால் முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கைவைத்தல், சமன்செய்தல், மாற்று ஈடு என்று தமிழில் பிடித்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

'அப்வேகுங்' இன்னும் அழகான சொல். வயலைக் காக்கும் நலன், வீடு கட்டும் நலன், ஆற்றின் நலன், தனியாளின் உரிமை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்து, நீதியாக நிறுத்துப் பார்த்துத்தான் திட்டத்தை முடிவாக்க வேண்டும் என்பது ஜேர்மன் கட்டடச் சட்டக்கோவையின் கட்டளை. நிறுத்தலில் பெரும் பிழை என்று நீதிமன்றம் கண்டால் திட்டமே விழக்கூடும். சொல்லின் வேரில் தராசு இருக்கிறது. நம் 'சீர்தூக்கல்' என்ற சொல்லின் வேரிலும் அதே தராசு. இரண்டு மொழிகள் வெகு தூரத்தில் இருந்துகொண்டு ஒரே பொருளை எடுத்து ஒரே கருத்தைச் சொல்லியிருக்கின்றன. இப்படி ஒரு சொல்லைக் கண்டால் எனக்கு அன்று முழுதும் மனம் நிறைந்திருக்கும்.

எச்சரிக்கையும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஸொல்' என்ற துணைவினையைப் பொது வகுப்பில் 'செய்தால் நல்லது' என்ற தொனியில் கற்பார்கள். சட்டத்தில் அது அவ்வளவு மென்மையானதல்ல. வழக்கமான நிலைமையில் கட்டாயம் செய்ய வேண்டும், அபூர்வமான நிலைமையில் மட்டும் விலகலாம் என்று பொருள். 'கன்' என்றால் அதிகாரியின் தற்றுணிபு. நம் சட்டத் தமிழில் 'செய்தல் வேண்டும்', 'செய்யலாம்' என்று தெளிவாகப் பிரித்து எழுதுகிறோம். ஸொல் இவ்விரண்டுக்கும் நடுவில், 'வேண்டும்' பக்கம் சாய்ந்து நிற்கிறது. இந்த ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டால் ஒரு முழு அறிக்கையும் பிழையாகும்.

நம் திட்டமிடல் சொற்கள் பிரித்தானியர் வழி வந்தவை. 1946 ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டத்தின் பெயரே அதைச் சொல்லும். அந்த மரபில் 'லாண்ட்ஷாஃப்ட்ஸ்பிளான்' என்பதற்கு நேரான பொருள் இல்லை. ஒரு ஊரின் மண், நீர், காற்றோட்டம், உயிரினம், கண்ணுக்குத் தெரியும் அழகு எல்லாவற்றையும் ஆராய்ந்து, கட்டடத் திட்டத்துக்குப் பக்கத்தில் தனித் திட்டமாக வைப்பது அது. நிந்தவூருக்கு அப்படி ஒன்று எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கிழக்கே கடல், மேற்கே கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல் வட்டைகள், நடுவே ஒடுக்கமான மணல்மேட்டில் நெருங்கி அடுக்கிய வீடுகள், தெற்கே களியோடை. நெய்தலும் மருதமும் ஒரு மைல் அகலத்துக்குள் முதுகோடு முதுகு வைத்துக் கிடக்கின்றன. நிலத்தையும் நீரையும் தொழிலையும் மரத்தையும் மனிதரையும் ஒரே வகைப்பாட்டில் பார்க்கும் திணை மரபை வைத்திருக்கும் மொழி நம்முடையது. 'லாண்ட்ஷாஃப்ட்' என்ற ஜேர்மன் சொல்லும் பழைய வழக்கில் காட்சியை மட்டும் குறித்ததல்ல. ஒரு நிலப்பரப்பையும் அதில் வாழும் மக்களையும் சேர்த்தே குறித்தது.

இந்தக் கரையில் நடப்பதற்கு ஜேர்மனில் ஒரு பெயர் இருக்கிறது. ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். அலைதடுப்பு அணைகள் அதை மறித்ததும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிபட்டது. தோணி இழுக்கும் இடம் போனது, தென்னை போனது. வடகடலில் ஸில்ட் என்ற தீவிருக்கிறது. அதன் தென்முனையில் ஹ்யோர்னும் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1960களில் நான்கு கால் கொங்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கடலுக்குள் ஒரு தடுப்பு வைத்தார்கள். தடுப்புக்கு அப்பாலுள்ள முனை கரைந்து சுருங்கியது. மணலோட்டத்தில் தடுப்புக்குப் பின்பக்கம் நேரும் இந்த அரிப்பை அவர்கள் 'லே-எரோசியோன்' என்கிறார்கள். 1972 முதல் அந்தத் தீவின் மேற்குக் கரையில் கடலடி மணலை அள்ளிக் கொட்டி ஈடு செய்துவருகிறார்கள். இலங்கையின் கரையோரம் பேணல் திணைக்களத்தோடு ஜேர்மன் தொழில்நுட்ப உதவி நிறுவனம் தென்மேற்குக் கரையின் அலைகளை ஆராய்ந்த காலமும் உண்டு. ஆகவே லே-எரோசியோன் பற்றி ஜேர்மனில் உள்ள எழுத்து எங்களுக்குத் தூரத்துச் செய்தியல்ல. ஒரு நிந்தவூர்ப் பிள்ளை முதல் மாதத்தில் கற்கவேண்டிய சொல் பாணுக்கான சொல்லா, இதுவா என்று கேட்டால் இரண்டும் என்பேன். இது இல்லாமல் அது மட்டும் என்றால் ஒப்பமாட்டேன்.

இன்னொரு சொல்லை எழுதும்போது கை நடுங்குகிறது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவுக்கும் அம்பாறைக்கும் இடையிலான வீதியில், மாவடிப்பள்ளியில், மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்களின் மையித்துகளைத் தேடி ஊரே வயலில் நின்றது. வயல்களின் ஊடாக, வெள்ளம் பரவும் நிலத்தைக் குறுக்கறுத்துப் போகும் வீதி அது. 'ஊபர்ஷ்வெமுங்ஸ்கெபீட்' என்று ஜேர்மன் நீர்ச் சட்டத்தில் ஒரு வகை நிலம் உண்டு. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை பரவுமோ அந்த எல்லையைக் கோடு போட்டு அறிவித்து, உள்ளே கட்டுவதைக் கட்டுப்படுத்துவார்கள். அந்தக் கோடு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலை 14 இரவு ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் சுற்றிலும் வந்த வெள்ளத்தில் ஜேர்மனியில் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். 1804 இலும் 1910 இலும் அதே ஆற்றில் வந்த பெருவெள்ளங்கள் அந்த அபாய வரைபடங்களின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஊரின் முதியவர் நினைவில் இருப்பது வரைபடத்தில் ஏறாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்களும் நாங்களும் ஒரே விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம். வயல்களின் நீரைக் கவனிக்கும் எங்கள் வட்டவிதானைமாருக்கு எந்த வட்டையில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கும் என்று தெரியும். அதை எழுதி வைக்கும் மொழி எங்களிடம் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் 200 மீற்றர் தடைவலயம் என்று வந்ததே, அன்று தங்கள் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைக்கூட மற்றவர் வாய்வழியாகக் கேட்டறிந்தவர்கள் எங்கள் மக்கள். ஜேர்மன் சட்டத்தில் திட்ட வரைவை ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, வரும் கருத்துகளையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த நடைமுறையின் மொழியைக் கற்று வருபவர் ஊருக்குக் கொண்டுவருவது ஒரு சான்றிதழ் மட்டுமல்ல.

வரலாற்றில் இந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர்கள் உண்டு. ஜேர்மன் மதகுரு சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு ஜேர்மன் வழித் தமிழ்ப் பாடநூல் ஏதும் இல்லை. ஓலைகளை வாசித்து, வாசித்ததிலிருந்து சொல் திரட்டி அகராதி செய்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716 இல் ஹாலேயில் அச்சானது. தனக்குத் தேவையான எழுத்தையே பாடநூலாக்கியவர் அவர். டிரெஸ்டனுக்கு அருகில் 1865 இல் பிறந்த கிரும்பீகல் என்ற தோட்டக்கலைஞர் பரோடாவிலும் ஊட்டியிலும் வேலை செய்து, பெங்களூர் லால்பாக் தோட்டத்தை நீண்டகாலம் நடத்தினார். அந்நகர வீதிகளில் ஒரு மரம் பூத்து ஓய மற்றது பூக்கும்படி நட்ட ஒழுங்கை இன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். 1959 இல் சென்னையில் ஐஐடி ஜேர்மன் உதவியோடு எழுந்தது. அதே வருடம் இலங்கையில் நாம் 'ஜேர்மன் டெக்' என்றழைக்கும் தொழிற்பயிற்சி நிறுவனமும் தொடங்கியது. 2016 இல் கிளிநொச்சியிலும் ஒன்று. இயந்திரத்தின் வழியாக வந்த ஜேர்மனி நமக்கு நன்றாகத் தெரியும். நிலத்தின் வழியாக வரக்கூடிய ஜேர்மனி இன்னும் வரவில்லை.

கருவிநூல்கள் என்று பார்த்தால், எவர்ட் என்பவர் தொகுத்து 2010 இல் வெளியான நிலத்தோற்ற, நகரத் திட்டமிடல் பேரகராதி ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, ஜேர்மன் என நான்கு மொழிகளில் சொற்களைப் பொருள் விளக்கத்தோடு தருகிறது. அருமையான வேலை. ஐந்தாவது நிரல் ஒன்றைத் தமிழுக்கு நாம்தான் போட வேண்டும். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கக் கலைச்சொற்றொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்ட நாடு இது. அந்தக் கை நமக்குப் பழகிய கை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது, பொறியியல் பீடம் இருக்கிறது, அரபும் தமிழும் கற்றவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு ஜேர்மன் நகரசபையின் உண்மையான திட்ட வரைபடம் ஒன்று மேசையில், பக்கத்தில் நிந்தவூர்ப் பிரதேச வரைபடம். முதல் பாடத்திலிருந்தே இப்படித் தொடங்கலாம் என்று நம்புகிறேன். கோத்தே நிறுவனத்தின் பொது வகுப்பு அதன் பாட்டில் இணையத்தில் நடக்கட்டும். ஒன்று மற்றதைத் தாங்கும்.

அந்தப் பிள்ளை இப்போது கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதிவருகிறான். இடப்பக்கம் ஊர்ச்சொல், நடுவில் நூற்றமிழ், வலப்பக்கம் ஜேர்மன். களப்புக்கு நேரே 'ஹாஃப்' என்று எழுதி, கடலிலிருந்து மணல்திட்டு பிரித்த நீர்ப்பரப்பு என்று விளக்கம் வைத்திருக்கிறான். போல்டிக் கடலோரத்தில் அதற்கு அந்தப் பெயர். அந்த மணல்திட்டுக்கு 'நேருங்'. வட்டைக்கு நேரே இரண்டு சொல் எழுதி இரண்டையும் வெட்டியிருக்கிறான்.

தோணாவில் வந்து நின்றுவிட்டான். கரைக்குச் சமாந்தரமாக ஊருக்குள் கிடந்து, மாரியில் நிறைந்து, மணல்வாயை வெட்டிவிட்டால் கடலுக்கு ஓடும் அந்த நீர்நிலைக்கு எந்த ஜேர்மன் சொல்லும் பொருந்தவில்லை. கால்வாய் என்றால் மனிதர் வெட்டியது. ஹாஃப் என்றால் பெரிது. இரண்டு கிழமை கழித்து அனுப்பிய பக்கத்தில் வலப்பக்க நிரல் நிரம்பியிருந்தது. முன்னால் ஒரு 'டீ' போட்டு, 'தோணா' என்றே எழுதியிருந்தான். கீழே சின்ன எழுத்தில் ஜேர்மனில் ஒன்றரை வரி விளக்கம். வினை கடைசியில், சரியான இடத்தில் நின்றது.